உறுமியை அலமாரி மேலிருந்து இறக்கலாமா?

மலேசியாவில், பேராக் மாநிலத்தின் தோட்டப்புறச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றிவிட்டு, கடிதத்தின் சாரத்தை முதலில் சொல்கிறேன்.

ஐந்து மாதங்களுக்கு முன், விடியற்காலை ஐந்தரை மணிக்கு, செம்பனை ஆலை வேலைக்காக இவருடைய அண்ணனும் தம்பியும் ஒரே மோட்டார் சைக்கிளில் கிளம்பினார்கள். முச்சந்தியில் லாரி மோதியது. அண்ணனுக்கு 38 வயது. தம்பிக்கு 27, மணமாகவில்லை. ஒரே வாசலில் இரண்டு பெட்டிகள் இறங்கின. அண்ணனுக்கு மூன்று பிள்ளைகள். மூத்த மகளுக்கு 13 வயது, இடைநிலைப்பள்ளியில் படிவம் 1. மகனுக்கு 9, தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. கடைக்குட்டிக்கு 5, பாலர் பள்ளிக்குப் போகிறாள்.

அண்ணன் கோயில் உறுமி மேளக் குழுவில் உறுமி வாசித்தவர். தம்பி தப்பு அடிப்பவர். பதினாறாம் நாள் கருமாதி முடிந்ததும் பாட்டி அந்த உறுமியை மகனுடைய வேட்டியில் சுற்றி அலமாரிக்கு மேலே வைத்துவிட்டார். வருஷத் திவசம் முடியும்வரை வீட்டில் பாட்டு கூடாது, மேளம் கூடாது என்பது அவருடைய கட்டளை. ஆனால் பையனின் விரல்கள் நிற்பதில்லை. மேசை, கேஸ் தோங் (சிலிண்டர்), சாப்பாட்டுத் தட்டு என்று கிடைத்ததில் எல்லாம் தட்டுகிறான். அதுவும் சாவு வீட்டு அடி. "ஒரு சொட்டுக் கண்ணீர் விடல, மேளம் மட்டும் கேக்குதா" என்று பாட்டி கை நீட்டியும் இருக்கிறார்.

கடைக்குட்டியிடம் "அப்பா சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருக்காரு" என்று சொல்லியிருக்கிறார்கள். அவளோ தினமும் ஒரே படத்தை வரைகிறாள். ஒரு மோட்டார் சைக்கிள், அதில் இரண்டு பேர், அதன்மேல் முழுக்கக் கறுப்பு. கறுப்பு வண்ணம் மனநோயின் அடையாளம் என்று பாலர் பள்ளி ஆசிரியை பயமுறுத்தியிருக்கிறார். அந்தப் படங்களைப் பள்ளியின் முகநூல் பக்கத்தில் போட அனுமதியும் கேட்டிருக்கிறார். விபத்தன்று வாட்ஸ்அப்பில் சுற்றிய புகைப்படம் ஒன்றை உறவினர் ஒருவரின் கைப்பேசியில் குழந்தை பார்த்துவிட்டாள் என்ற செய்தி கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில் வருகிறது. மூத்தவள் இரவெல்லாம் காதில் இயர்போனுடன் அப்பா அனுப்பிய பழைய குரல்பதிவுகளைக் கேட்கிறாள். அம்மா அவற்றை அழிக்கப் போய்ப் பெரிய சண்டை. அந்த அம்மாவும் இப்போது அறையை விட்டு அதிகம் வெளியே வருவதில்லை.

சகோதரியின் கேள்விகள் இவை. இசையும் ஓவியமும் பிள்ளைகளின் துக்கத்தை மறக்கடிக்கும் என்கிறார்களே, உண்மையா? வருஷம் முடியாமல் பையனை மேள வகுப்பில் விடலாமா? கறுப்புப் படத்துக்கு வைத்தியம் உண்டா? பக்கத்து ஊரில் ஒருவர் ஆறு வாரக் "கலை சிகிச்சை" வகுப்புக்கு ஒரு பிள்ளைக்கு 600 ரிங்கிட் கேட்கிறார், சோகம் முழுசாகப் போய்விடும் என்று உறுதியும் தருகிறார். கட்டலாமா?

அன்புச் சகோதரி,

ஒரே விடியலில் ஒருவரைத் தங்கையாகவும் இன்னொருவரை அக்காவாகவும் இழந்திருக்கிறீர்கள். ஆனால் நான்கு பக்கத்திலும் உங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதல் கேள்விக்கு நேரான பதில்: மறக்கடிக்காது. மறக்கடிக்கவும் வேண்டாம். இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் துக்கத்தில் இருக்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறேன். பாட்டாலும் படத்தாலும் அப்பாவை மறந்த பிள்ளை ஒன்றையும் நான் பார்த்ததில்லை. நான் பார்த்தது வேறு. ஐந்து வயதில் நடந்ததைச் சொல்ல வார்த்தை போதாது. ஒன்பது வயதில் வார்த்தை இருக்கும், ஆனால் சொன்னால் அம்மா அழுவாள் என்று பயம். பதின்மூன்று வயதில் வார்த்தையும் இருக்கும், துணிவும் இருக்கும், நம்மிடம் சொல்லத்தான் மனம் வராது. அந்த மூன்று இடத்திலும் ஒரு மேளமோ வண்ணப் பென்சிலோ குரல்பதிவோ வேலை செய்கிறது. உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தபோது எனக்குத் தெரிந்தது இதுதான்: யாரும் சொல்லிக்கொடுக்காமலே மூன்று பிள்ளைகளும் தங்கள் வைத்தியத்தைத் தொடங்கிவிட்டார்கள். ஒருவன் தட்டுகிறான், ஒருத்தி வரைகிறாள், ஒருத்தி கேட்கிறாள். மூன்று பேரும் தனியாகச் செய்கிறார்கள், மூன்று பேரும் திட்டு வாங்குகிறார்கள். பக்கத்தில் உட்கார ஒரு பெரியவர் வேண்டும். அந்த ஆள் நீங்களாக இருக்கலாம் என்று எனக்குப் படுகிறது.

முதலில் சிங்கப்பூர் கதையை நிறுத்துங்கள்

கலையைப் பேசுவதற்கு முன் இதைச் செய்தாக வேண்டும். நல்ல எண்ணத்தில்தான் சொன்னீர்கள். நம் வீடுகளில் காலங்காலமாகச் சொல்லும் பொய்தான் இது. ஆனால் இந்தக் குழந்தையிடம் இரண்டு செய்திகள் வந்து சேர்ந்திருக்கின்றன. வீட்டார் "சிங்கப்பூர்" என்கிறார்கள். கைப்பேசியில் அவள் பார்த்தது வேறு. இரண்டையும் ஒரே மனதில் வைக்க இடமில்லாமல்தான் அவள் அந்த மோட்டார் சைக்கிளைத் திரும்பத் திரும்ப வரைகிறாள் என்று நினைக்கிறேன்.

மரியா நாகி என்ற ஆய்வாளர் ஹங்கேரியப் பிள்ளைகளிடம் மரணத்தைப் பற்றிக் கேட்டு 1948இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஐந்து வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் சாவை ஒரு பயணம்போல, தூக்கம்போல நினைக்கிறார்கள், போனவர் திரும்பலாம் என்று நம்புகிறார்கள் என்று அதில் எழுதினார். உங்கள் கடைக்குட்டி அந்த வயதின் விளிம்பில் நிற்கிறாள். ஏற்கெனவே பயணம் என்று நினைக்கக்கூடிய குழந்தையிடம் நாமும் பயணம் என்றே சொன்னால், அப்பா ஏன் போன்கூடப் பண்ணவில்லை, என்மேல் கோபமா என்றுதான் அவள் யோசிப்பாள்.

அம்மாவோ நீங்களோ, இருவருமாகவோ, பகல் வேளையில் அவளை மடியில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்: "அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ரோட்டுல விபத்து நடந்துச்சு. உடம்பு ரொம்ப அடிபட்டுப் போச்சு. டாக்டரால சரிபண்ண முடியல. செத்துப் போயிட்டாங்க. செத்துப் போனா மூச்சு விட முடியாது, பசிக்காது, வலிக்காது. திரும்பி வர முடியாது. சிங்கப்பூர்னு நாங்க சொன்னது தப்பு. நீ அழுவேன்னு பயந்து சொல்லிட்டோம்." "செத்துப் போயிட்டாங்க" என்ற சொல் உங்கள் வாயில் கசக்கும். ஆனாலும் அதையே சொல்லுங்கள். "தூங்குறாரு" என்றால் இரவில் தூங்கப் பயப்படுவாள். "சாமி கூட்டிக்கிட்டாரு" என்றால் சாமியைக் கண்டு பயப்படுவாள். அவள் அழலாம், அல்லது "சரி, மைலோ குடு" என்று கேட்டுவிட்டு விளையாடப் போகலாம். இரண்டும் சரி. பிள்ளைகள் துக்கத்துக்குள் போவார்கள், வெளியே வருவார்கள், மறுநாள் அதே கேள்வியை மறுபடி கேட்பார்கள். அதே பதிலைச் சொல்லுங்கள்.

அந்தப் புகைப்படத்தை எல்லோருடைய கைப்பேசியிலிருந்தும் இன்றே நீக்கச் சொல்லுங்கள். விபத்தில் சிதைந்த மனிதர்களைப் படமெடுத்துக் குழுவுக்குக் குழு அனுப்பும் பழக்கம் நம் ஊர்களில் எத்தனை பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று எனக்குத் தெரியும். இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

கறுப்பு வண்ணத்துக்கு அகராதி கிடையாது

கறுப்பு என்றால் சோகம், சிவப்பு என்றால் கோபம் என்று பார்த்தவுடன் சொல்லிவிட முடியாது. விடிவதற்கு முன் கிளம்பியவர்களைக் கறுப்பில் வரைந்தால் அது இருட்டாக இருக்கலாம். தார் ரோடாக இருக்கலாம். பெட்டியில் மிச்சம் இருந்த ஒரே வண்ணப் பென்சிலாகவும் இருக்கலாம். அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. "ஏன் கறுப்பு?" என்று கேட்காதீர்கள். "ஏன்" என்ற கேள்வி பிள்ளை காதுக்குத் திட்டுபோலக் கேட்கும். "இந்தப் படத்துல என்ன நடக்குது, அத்தைக்குச் சொல்லு" என்று கேளுங்கள். சொல்லவில்லையென்றால் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஏதாவது வரையுங்கள். அழகாக இருக்கிறது என்று புகழவும் வேண்டாம், சூரியனைப் போடு, பூவைப் போடு என்று திருத்தவும் வேண்டாம்.

ஆனால் ஆசிரியையின் கவலையை முழுக்கத் தள்ளிவிடவும் மாட்டேன். 1976இல் கலிபோர்னியாவின் சௌசில்லா என்ற ஊரில் பள்ளிப் பேருந்தில் போன 26 பிள்ளைகளைக் கடத்தி, ஒரு கல்குவாரியில் மண்ணுக்கடியில் அடைத்துவைத்தார்கள். எல்லோரும் உயிரோடு தப்பினார்கள். பின்னால் அவர்களைச் சந்தித்த லெனோர் டெர் என்ற மனநல மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். சில பிள்ளைகள் நடந்ததையே விளையாட்டாகத் திரும்பத் திரும்ப ஆடினார்கள். அந்த ஆட்டம் மாறவே இல்லை, ஆடி முடித்தும் அவர்களுக்கு ஆறுதல் கிடைக்கவில்லை. அதனால் நீங்கள் பார்க்க வேண்டியது வண்ணத்தை அல்ல, படம் நகர்கிறதா என்பதை. உண்மையைச் சொன்ன பிறகு வரும் வாரங்களில் படத்தில் ஒரு மரம் வந்தாலும், வீடு வந்தாலும், வண்டியின் திசை மாறினாலும்கூட நல்லது. ஒரு கோடுகூட மாறாமல், வரைந்து முடித்ததும் நடுங்கியோ உறைந்தோ போகிறாள் என்றால் நிபுணரிடம் காட்டுங்கள்.

தாள் வாங்கச் செலவு வேண்டாம். மாதக் காலண்டரின் பின்பக்கம் போதும், பெரிதாகவும் இருக்கும். துக்க வீடு என்று வாசலில் கோலம் போடுவதை நிறுத்தியிருப்பீர்கள். அவள் அம்மாவோடு கோலப்பொடி பிடித்துப் பழகியவள் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தத் தாளில் புள்ளி வைத்துக் கொடுங்கள். இழுக்கட்டும். வாசலுக்கு இருக்கும் தடை தாளுக்குக் கிடையாது.

முகநூலில் போடுவதற்கு "வேண்டாம்" என்று சொல்ல அம்மாவுக்கு முழு உரிமை இருக்கிறது. எழுத்தில் சொல்லிவிடுங்கள். ஆசிரியைமேல் வருத்தம் வேண்டாம், உதவி செய்யத்தான் நினைத்திருப்பார். ஆனால் அந்தப் படம் அவள் அப்பாவோடு பேசும் பேச்சு. அதற்கு ஊரார் விருப்பக்குறி போட வேண்டியதில்லை. இந்த இடத்தில் எனக்கு எப்போதும் ஃபிரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவியர் நினைவுக்கு வருவார். நாஜிகள் இன்றைய செக் நாட்டில் வைத்திருந்த தெரேசின் முகாமில் அடைபட்டிருந்த யூதப் பிள்ளைகளுக்கு, தானும் கைதியாக இருந்துகொண்டே ஓவியம் சொல்லிக்கொடுத்தவர். ஒவ்வொரு பிள்ளையும் தன் படத்தில் தன் பெயரை எழுத வேண்டும் என்பார். 1944இல் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டு அங்கே கொல்லப்பட்டார். போவதற்கு முன் அவர் பெட்டிகளில் வைத்துவிட்டுப் போன சுமார் 4,500 படங்கள் இன்று பிராக் நகரின் யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எந்தப் படம் எந்தப் பிள்ளையுடையது என்று பலவற்றில் இன்றும் தெரிகிறது. நீங்களும் ஒவ்வொரு படத்தின் பின்னாலும் அவள் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு அவள் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.

வருஷம் திரும்பும் வரை

இப்போது பையன். அவன் அழவில்லை என்பதால் துக்கம் இல்லை என்று பாட்டி நினைக்கிறார். சகோதரி, அவன் அடிப்பது எந்த அடி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் கடைசியாக அடித்த மேளம் அது. அடித்தவர்கள் அப்பாவோடு தோளோடு தோள் நின்று வாசித்த குழுவினர். அப்பா கேட்காத ஒரே மேளமும் அதுதான். அந்தப் பையன் கேஸ் தோங்கில் அழுதுகொண்டிருக்கிறான்.

பாட்டியின் ஒரு வருஷத் தடையை மூடப்பழக்கம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. இரண்டு மகன்களைச் சேர்த்துப் பறிகொடுத்த தாய் அவர். கொண்டாட்டத்தை நிறுத்திவைப்பது இறந்தவருக்கு நாம் கொடுக்கும் மரியாதை, சரிதான். ஆனால் நம் மரபு துக்கத்தில் இசையை முழுக்க விலக்கியதில்லை. நான் பால்மரத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் வளர்ந்தவள். ஒரு சாவு விழுந்தால் முதலில் காதில் விழுவது தப்பு மேளம். தென்னோலையைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சுவார்கள், அந்தப் புகை வாசனை இப்போதும் மூக்கில் இருக்கிறது. பிறகு பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். ஒப்பாரியைக் கவனித்துப் பாருங்கள். அதில் இறந்தவரைப் பற்றிப் பேசுவதில்லை, இறந்தவரிடமே பேசுவார்கள். நீ இப்படி இருந்தாயே, இதை வாங்கி வருகிறேன் என்றாயே, என்னை எங்கே விட்டுப் போனாய் என்று கேட்பார்கள், கோபித்துக்கொள்வார்கள். 1990களில் மேலைநாட்டு ஆய்வாளர்கள், இறந்தவரோடு உறவை அறுக்கத் தேவையில்லை, அது வேறு வடிவில் தொடர்வது இயல்பு என்று எழுதினார்கள். பெற்றோரை இழந்த பிள்ளைகளிடம் அவர்கள் கண்டதும் அதுதான். எங்கள் லயத்துக் கிழவிகள் அதைப் பாடிக்கொண்டே இருந்தார்கள்.

பாட்டியிடம் இதை வாதமாகச் சொல்லாதீர்கள். "அவன் கொண்டாட அடிக்கல அம்மா, அண்ணனுக்குத்தான் அடிக்கிறான். உங்களுக்கு ஒப்பாரி, அவனுக்கு இது" என்று ஒருநாள் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். ஒருவேளை முதலில் அழப்போவது பாட்டியாக இருக்கும்.

மூன்று வழிகள் உங்கள்முன் இருக்கின்றன. வருஷம் முடியும்வரை அவனை நிறுத்திவைப்பது ஒன்று. இன்னும் ஏழு மாதம் அடக்கினால் அவன் மேளத்தை மட்டும் அல்ல, அப்பாவைப் பற்றிப் பேசுவதையும் நிறுத்திக்கொள்வான். கோயில் குழுவில் உடனே சேர்ப்பது இன்னொன்று. அவர்கள் அன்பானவர்கள், அவனைத் தூக்கிவைத்துக் கொண்டாடுவார்கள். ஆனால் குழு இரவு நேரத்தில் போகும், வேறு சாவு வீடுகளுக்கும் போகும். ஒன்பது வயதில், ஐந்தே மாதத்தில், இன்னொரு பெட்டிமுன் அவனை நிற்கவைக்க வேண்டாம். பாட்டியின் மனதை மீறிச் செய்தால் வீட்டுக்குள் இன்னொரு பிளவும் வரும். நான் சொல்வது மூன்றாவது வழி: இப்போது வீட்டுக்குள்ளே, உறுமி இல்லாமல், உங்களோடு.

வாரத்தில் மூன்று நாள், மாலையில் பத்து நிமிடம். வீட்டுக்குப் பின்பக்கம் ஒரு காலி பால்மாவு டின்னும் இரண்டு குச்சியும் போதும். உங்களுக்குத் தாளம் தெரிய வேண்டியதில்லை. அவன் அடிக்கட்டும், நீங்கள் அதையே திருப்பி அடியுங்கள். தப்பாக அடித்தால் அவன் திருத்துவான். அந்தத் திருத்தத்தில் பேச்சு தொடங்கும். இசைச் சிகிச்சையாளர்கள் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஆள் எந்த மனநிலையில் இருக்கிறாரோ அதற்கு ஒத்த இசையில் தொடங்கி, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவது. அவன் வெறித்தனமாக அடித்தால் நீங்களும் வேகமாக அடியுங்கள், பிறகு உங்கள் கை மெல்ல வேகம் குறையட்டும். அவன் கை பெரும்பாலும் கூடவே வரும், மூச்சும் அடங்கும். எடுத்த எடுப்பில் "மெதுவா அடி" என்றால் நடக்காது. சில நாட்கள் கழித்து, "அப்பா வீட்டுக்கு வர்றப்ப மோட்டார் சத்தம் எப்படி இருக்கும், அடிச்சுக் காட்டு" என்று கேட்கலாம். கூரையில் மழை, பாட்டி இடிக்கும் உரல், தைப்பூசத்தில் அப்பா வாசித்தது. சாவு அடியைத் தவிர அப்பாவிடம் வேறு சத்தங்களும் இருந்தன என்று அவன் கைக்கு நினைவு வரட்டும். பள்ளி ஆசிரியரிடமும் பேசுங்கள். மேசைக்குப் பதில் தொடையில் சத்தமில்லாமல் தட்ட அனுமதி கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்.

இனி அவனை அடிக்கக் கூடாது. இதில் பாட்டிக்கும் விலக்கு இல்லை.

மூத்தவளின் குரல்பதிவுகள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். யாரும் அழிக்க வேண்டாம். கைப்பேசி தொலைந்தாலோ கெட்டாலோ அந்தப் பிள்ளை அப்பாவை இரண்டாம் முறை இழப்பாள். அவள் சம்மதத்தோடு இன்னொரு இடத்திலும் பதிவுகளைச் சேமித்துவையுங்கள், அவள் எதிரிலேயே. "உனக்கு இஷ்டம்னா ஒன்னு எனக்கும் கேக்கக் குடு" என்று மட்டும் சொல்லுங்கள். உங்கள் அண்ணன் குரல்தானே, உங்களுக்கும் வேண்டியிருக்கும். தூக்கம் கெடுவது மட்டும் உண்மையான கவலை. இத்தனை மணிக்குப் படுக்கை என்று அவளோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள்.

அந்த 600 ரிங்கிட்

கட்டாதீர்கள். ஆறு வாரத்தில் சோகம் முழுசாகப் போகும் என்று உறுதி தருபவர் துக்கத்தைப் பற்றிப் படித்தவராக இருக்க முடியாது. நம் நாட்டில் ஆலோசகராகத் தொழில் செய்பவர் 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்கீழ், அதாவது சட்டம் 580இன்கீழ், பதிந்திருக்க வேண்டும், செல்லுபடியாகும் தொழில் சான்றிதழும் வைத்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது உங்கள் உரிமை. முறையாகக் கலைவழிச் சிகிச்சை செய்பவர் முதலில் அம்மாவோடு பேசுவார், பிள்ளை சொல்வது எதுவரை ரகசியம் என்று விளக்குவார், எந்த உறுதியும் தரமாட்டார். சாதாரண ஓவிய வகுப்புக்கும் சிகிச்சைக்கும் வேறுபாடு உண்டு. மகிழ்ச்சிக்காகப் பிள்ளைகள் ஓவியம் கற்பது நல்லதுதான், ஆனால் அதற்குச் சிகிச்சை விலை கொடுக்க வேண்டாம். முதலில் பள்ளியின் வழிகாட்டி ஆசிரியரிடமும் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கிலும் கேளுங்கள். மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியிருந்தால் அவர்களே கடிதம் தருவார்கள்.

பணப் பேச்சு வந்ததால் ஒன்று கேட்கிறேன். தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் விண்ணப்பித்துவிட்டீர்களா? வீட்டிலிருந்து வேலையிடத்துக்குப் போகும் வழியில் நடந்த விபத்தையும் சட்டம் வேலை விபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. அண்ணனின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சார்ந்திருப்போர் உதவித்தொகை கிடைக்க வழி உண்டு. தம்பியின் கணக்கில் பாட்டிக்குத் தகுதி இருக்கிறதா என்றும் சேர்த்துக் கேளுங்கள். போலீஸ் புகார் நகலையும் இறப்புச் சான்றிதழையும் எடுத்துப் போங்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது

ஐந்து மாதத்தில் யாருக்கும் நோய்ப்பெயர் சூட்ட அவசரம் வேண்டாம். நீடித்த துக்கக் கோளாறு என்ற பெயரை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2022இல் தன் கையேட்டில் சேர்த்தது. அதிலேயே பிள்ளைகளுக்குக் குறைந்தது ஆறு மாதமும் பெரியவர்களுக்குப் பன்னிரண்டு மாதமும் கடந்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் சில அறிகுறிகளுக்கு மாதக் கணக்கே கிடையாது: தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது, சாப்பாடும் தூக்கமும் வாரக்கணக்கில் கெடுவது, பள்ளிக்குப் போகவே மறுப்பது, "நானும் அப்பாகிட்ட போறேன்" என்பது. கடைக்குட்டி இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொன்னால் பஸ் ஏறிப் போகிற நினைப்பில் சொல்லலாம். மூத்தவள் சொன்னால் நேராகவே கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் அவளைத் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். பேச ஒரு குரல் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் 15555, தாலியான் காசே 15999, பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929 இருக்கின்றன.

இந்த எண்கள் பிள்ளைகளின் அம்மாவுக்கும் உங்களுக்கும் சேர்த்துத்தான். அமெரிக்காவில் பெற்றோரில் ஒருவரை இழந்த பிள்ளைகளை வோர்டன், சில்வர்மன் என்ற ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். பிள்ளை எப்படித் தேறுகிறது என்பது மிச்சமிருக்கும் பெற்றோர் எப்படி இருக்கிறார் என்பதைப் பெரிதும் பொறுத்தது என்று கண்டார்கள். உங்கள் அண்ணியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவரைக் கிளினிக்குக்கு அழைத்துப் போவது பிள்ளைகளுக்கான வைத்தியத்தின் முதல் படி என்பதால் எழுதுகிறேன். அறையிலிருந்து வெளியே வரச் சொல்லாதீர்கள். கடைக்குட்டியின் தாளையும் வண்ணப் பென்சிலையும் அந்த அறைக்குள்ளேயே கொண்டுபோய் வையுங்கள்.

நீங்களும் அந்தப் பால்மாவு டின்னை அடிக்கும்போது யாருக்காக அடிக்கிறீர்கள் என்று ஒருநாள் நினைத்துப் பாருங்கள். அழுகை வந்தால் பையன் முன்னாலேயே அழலாம். பெரியவர்கள் அழுதுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சோறு ஆக்கப் போகிறார்கள் என்று அவன் பார்ப்பது அவனுக்குத் தேவை.

தலைப்பில் இருக்கும் கேள்விக்கு வருகிறேன். இறக்கலாம், ஆனால் நீங்கள் இறக்க வேண்டாம். பாட்டி சம்மதிக்கும் நாளில், அது திவசத்துக்கு முன்போ பின்போ, அவரே இறக்கிப் பேரன் மடியில் வைக்கட்டும். அந்த வேட்டி முடிச்சை அவன் அவிழ்க்கட்டும். அம்மா, அக்கா, தங்கை எல்லோரும் பக்கத்தில் இருங்கள், யாரும் வாசிக்கச் சொல்லாதீர்கள். அவன் வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து ஒரு உறுமல் எழுப்பலாம். வெறுமனே தூசியைத் துடைத்துவிட்டு மறுபடி சுற்றி வைத்தாலும் அன்றைக்கு அது போதும். வேட்டியை மட்டும் துவைத்துவிடாதீர்கள். அப்பா வாசனை அதில் இன்னும் இருக்கும்.